தேவதாசன் அண்ணையின் கச்சீனாக்கள்

தேவதாசன் அண்ணையை எனக்கு எங்கள் கத்தோலிக்கக் கோயிலில்தான் பழக்கம். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவார், வலப்பக்கம் கடைசி வாங்குப் பலகையில் இருப்பார். சொந்த ஊர் மன்னாரில் பேசாலை. தொண்ணூறாம் ஆண்டு மொன்றியலுக்கு வந்து, துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு களஞ்சியத்தில் முப்பது வருசம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். மொன்றியல்-நோர் பகுதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறார். அவரைப் பற்றிக் கோயில் சனத்துக்குத் தெரிந்தது இரண்டே விசயம். மனுசியும் மகளும் ரொறன்ரோவில், இவர் இங்கே தனியே என்பது ஒன்று. வீட்டுச் சுவரில் பேய்ப் பொம்மைகளைத் தொங்கவிட்டிருக்கிறார் என்பது மற்றது.

முதலாவது உண்மை. 2006ஆம் ஆண்டு அவருடைய மனுசி மாக்கிரட் அக்காவின் தங்கைமார் இருவரும் ரொறன்ரோவுக்குக் குடிபோனார்கள். அக்காவுக்குப் பதினைந்து வருசமாகியும் பிரெஞ்சு நாக்கில் ஏறவில்லை. மகள் றொஷினியை ஆங்கிலத்தில் படிப்பிக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. “நாங்கள் முன்னுக்குப் போறம். நீங்கள் ஒரு வருசத்துக்குள்ள அங்க ஒரு வேலையைத் தேடிக்கொண்டு வாங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணையும் தேடினார். யூனியன் வேலையை விட்டுவிட்டு ஐம்பதை நெருங்கிய வயதில் இன்னொரு இடத்தில் அடியிலிருந்து தொடங்க மனம் வரவில்லை. முதலில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பஸ்ஸில் போனார். பிறகு மாதம் ஒருமுறை என்றானது. அதுவும் போய், நத்தார், பாஸ்காத் திருநாள்களுக்கு மட்டும் என்று நின்றது.

“சண்டை பிடிச்சனீங்களோ அண்ணை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சண்டை பிடிச்சிருந்தா ஒருநாள் சமாதானமாகியிருப்பம். எங்களுக்குள்ள சமாதானமாகிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை.”

இரண்டாவது விசயம் பிழை. அவர் சுவரில் தொங்குபவை பேய்கள் அல்ல. அந்தக் கதை 2009ஆம் ஆண்டு யூலை முதலாம் திகதி தொடங்குகிறது.

யூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். கொண்டுபோக விருப்பமில்லாத கட்டில், கதிரை, சட்டி பானை எல்லாம் நடைபாதையில் கிடக்கும். வேண்டியவர்கள் எடுக்கலாம். அன்றைக்கு வேலை முடிந்து வந்த அண்ணையின் கட்டட வாசலிலும் அப்படி ஒரு குவியல் கிடந்தது. மேல்மாடியில் இருந்த மதாம் கரோன் வசந்தத்தில் இறந்துவிட்டார். யாரோ ஒரு உறவுக்காரன் வந்து வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தான். அந்தக் குவியலில் ஒரு கடதாசிப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே வெள்ளைத் துணியொன்றில் சுற்றிய ஒரு மரப் பொம்மை. ஒரு சாண் நீளம். பச்சை முகம், நீள்சதுரக் கண்கள், வயிற்றோடு ஒட்டிய கைகள். வெள்ளை இடுப்புத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கரை தீட்டியிருந்தது.

“ஏன் அண்ணை எடுத்தனீங்கள்?”

“மழை தூறத் தொடங்கிச்சு. நனைஞ்சா சாயம் போயிடுமெண்டு எடுத்தன். எடுத்த பிறகு திரும்ப எங்க வைக்கிறது?”

வீட்டுக்குக் கொண்டுபோய் ரீவிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். விழுந்தது. சுவரில் சாய்த்தார். சறுக்கி விழுந்தது. பாதங்கள் அவ்வளவு சிறியவை. மறுநாள் அவரோடு வேலை செய்யும் றெக்ஸ் வழி சொன்னான்: “ஒரு பலகைத் துண்டை வெட்டிக் காலுக்குக் கீழ பசை போட்டு ஒட்டுங்கோ அண்ணை. பிறகு அசையாது.” அண்ணையும் நல்ல உறுதியான பசையாகப் பார்த்து வாங்கி ஒட்டினார். பொம்மை நின்றது. வேலையால் வந்து கதவைத் திறந்தால், வீட்டுக்குள் ஒரு ஆள் நிற்பதுபோல இருந்தது என்று சொன்னார்.

அது என்ன பொம்மை என்று அறிய ஆசை வந்தது. படமெடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண்மணி இரண்டு நாள் தேடி ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். பக்கம் பக்கமாக அதே மாதிரிப் பொம்மைகள்.

அமெரிக்காவின் அரிசோனாவில், வறண்ட மேட்டுநிலங்களின் உச்சியில் வாழும் ஹோப்பி மக்களுடையவை அவை. கச்சீனாக்கள் என்பவர்கள் மழையையும் விளைச்சலையும் கொண்டுவரும் ஆவிகள். மாரியில் வந்து ஆடி மாதம்வரை ஊருக்குள் மக்களோடு இருப்பார்கள். பிறகு மலையிலுள்ள தங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இருக்கும் காலத்தில் அவர்கள் ஆடும்போது, சின்னப் பெண்பிள்ளைகளுக்குத் தங்கள் உருவத்தில் செய்த இந்த மரச் செதுக்கல்களைக் கொடுப்பார்கள். செதுக்குபவர்கள் ஆண்கள். ஆற்றோரத்தில் வளரும் கொட்டன்வுட் என்ற மரத்தின் வேரில் செதுக்குவார்கள். இந்தக் காலத்தில் கடைக்கென்று செய்பவை ஓடுவதுபோலும் ஆடுவதுபோலும் பலகையில் நிற்கும். பழைய முறையில் செய்தவை நிற்காது. முதுகில் ஒரு நூல் கட்டிச் சுவரில் தொங்கவிடத்தான் அவை செய்யப்பட்டவை.

அண்ணை அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டாராம். வீட்டுக்கு வந்து பொம்மையின் முதுகைப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன முளையும், அதில் அறுந்த நூலின் மிச்சமும் இருந்தன. முன்பே பார்த்தவர்தான். ஏதோ அழுக்கு என்று நினைத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் சேர்க்கத் தொடங்கினார். வேறு செலவு அவருக்கு இல்லை. குடி இல்லை, லொத்தர் சீட்டும் எடுப்பதில்லை. பழைய முறையில் செய்தவற்றை மட்டும் தேடினார். முதலில் ஏமாந்தார். தோலும் மயிரும் ஒட்டி, மினுமினுக்கும் சாயம் பூசிய ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு, அது எங்கோ தொழிற்சாலையில் நூறு நூறாகச் செய்தது என்று பிந்தித்தான் அறிந்தார். பிறகு கை பழகியது. வேரில் செய்தது காற்றுப்போலக் கனமில்லாமல் இருக்கும். மண்ணில் அரைத்த சாயம் விரலில் லேசாக ஒட்டும். வருசத்துக்கு ஒன்று என்று வாங்கினார். வாங்காத வருசங்களும் உண்டு.

அப்படி வாங்கிய ஒன்றின் பாதத்தில் வில்மர் என்று பெயர் செதுக்கியிருந்தது. விற்ற கடைக்காரரிடம் முகவரி கேட்டு, அண்ணை அந்த வில்மருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் வாழ்க்கையில் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கடிதம் அது என்றார். விசயம் ஒன்றுதான்: அறியாமல் பசை போட்டு ஒட்டிவிட்டேன், எப்படிக் கழற்றுவது?

மூன்று மாதத்துக்குப் பிறகு போன் அடித்தது. அந்தப் பக்கத்தில் ஒரு ஆண் குரல் பெயரைச் சொன்னது, பிறகு சிரித்தது. “சிரிச்சான், சிரிச்சான், நிப்பாட்ட அவனால ஏலேல்லை. எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. அந்த வீட்டுக்குள்ள நான் சிரிச்சு எவ்வளவு காலம்!” என்றார் அண்ணை.

தண்ணீர் படக்கூடாது, சாயம் கரைந்துவிடும், மெல்லிய நூலைப் பலகைக்கும் பாதத்துக்கும் நடுவில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க வேண்டும் என்று வில்மர் சொல்லிக்கொடுத்தார். நாலு நாள் பிடித்தது. பலகை கழன்றது. பாதத்தில் மஞ்சளாகப் பசைக் கறை நின்றுவிட்டது.

அன்றிலிருந்து இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைப்பார்கள். இரண்டு பேரின் ஆங்கிலமும் வேறு வேறு பக்கம் இழுக்கும். ஆனாலும் விளங்கியது. வில்மர் சோளப் பயிரைப் பற்றிச் சொல்லுவார், அண்ணை பனியைப் பற்றிச் சொல்லுவார். கச்சீனாக்களைப் பற்றி அண்ணை ஏதும் ஆழமாகக் கேட்டால், “அது சொல்லுறதில்லை” என்று நிறுத்திவிடுவார். அண்ணையும் திருப்பிக் கேட்க மாட்டார்.

சுவரில் ஏழு சேர்ந்தபோது ஒரு சம்பவம் நடந்தது. ஒக்டோபர் மாதம் வீடு வீடாகச் செபமாலை சொல்லும் குழு மாதா சுரூபத்தோடு அண்ணையின் வீட்டுக்கு வந்தது. அண்ணை வடையும் தேத்தண்ணியும் ஆயத்தம் செய்து, மேசைக்கு வெள்ளை விரித்து வைத்திருந்தார். சுரூபத்தை ஏந்தி வந்த அக்னெஸ் ரீச்சர் ஹோலுக்குள் காலை வைத்ததும் நின்றுவிட்டார்.

“உது என்ன தேவதாசன், சுவரில?”

“ஹோப்பி எண்டு ஒரு சனம், ரீச்சர். பெண்பிள்ளையளுக்குக் குடுக்கிற…”

“வேற சனத்தின்ர சாமியளோ? உதுகளைக் கழட்டி அறைக்குள்ள வையும். இல்லாட்டி மாதாவை நான் இஞ்ச வைக்கேலாது.”

அண்ணை கழற்றவில்லை. எதிர்த்தும் ஒரு சொல் கதைக்கவில்லை. ரீச்சர் சுரூபத்தோடு படியிறங்கினார், மற்றவர்களும் பின்னால் இறங்கினார்கள். அவர்களில் நானும் ஒருவன். வடையை என்ன செய்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

2018ஆம் ஆண்டு வில்மரின் மகள் தகப்பனுக்கு ஒரு புதுப் போன் வாங்கிக்கொடுத்தாள். அண்ணை தன் சுவரைப் படமெடுத்து அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. வில்மரின் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“இடப்பக்கம் கடைசியில் இருக்கிறது எங்க எடுத்தது?”

“அதுதான் நான் பசை போட்டது. தெருவில எடுத்ததெண்டு சொன்னனே.”

“அது என்ர மாமன்ர கை. விரல் செதுக்கமாட்டார், மூண்டு கோடு மட்டும் கீறுவார். அவர் ஒருநாளும் விக்கேல்லை. தன்ர மருமக்களுக்கு மட்டும்தான் செய்தவர். மூண்டு பெட்டையள். இப்ப உயிரோட இருக்கிறது என்ர அக்கா வேரா மட்டும்தான். கேட்டுச் சொல்லுறன்.”

பிறகு மூன்று கிழமை போன் இல்லை. களவு போன பொருளை இத்தனை வருசம் சுவரில் வைத்திருந்தேனோ என்று அண்ணைக்கு மனம் குறுகுறுத்தது. பொம்மையைக் கழற்றி, அது வந்த அதே துணியில் சுற்றி மேசையில் வைத்தார். நாலாம் கிழமை வில்மர் எடுத்தார்.

“அக்கா ஒண்டும் சொல்லுறா இல்லை. கொண்டுவரச் சொல்லு எண்டு மட்டும் சொன்னவ.”

ரொறன்ரோவையும் கொழும்பையும் தவிர அண்ணை வேறெங்கும் போனதில்லை. அடுத்த வருசம் செப்ரெம்பரில் லீவு எடுத்து, பிளேனிலும் பஸ்ஸிலும் மாறி மாறிப் போனார். பஸ் நிற்குமிடத்தில் வில்மர் ஒரு பழைய பிக்கப் வாகனத்தோடு நின்றார். ஒன்பது வருசம் கதைத்த ஆளை அண்ணை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டார். தன்னைவிடக் கட்டையான, வயிறு தள்ளிய மனுசன்.

“பிழையான நேரத்தில வந்திட்டாய். ஆடியோட எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டினம்” என்றார் வில்மர். கச்சீனாக்களைத்தான் சொல்கிறார் என்று விளங்க அண்ணைக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மேட்டின் உச்சியில் கல்வீடுகள். கீழே எட்டியவரை ஒன்றுமில்லாத நிலம், அதற்குமேல் வானம். வில்மரின் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணையின் கண் சுவரைத்தான் தேடியது. ஒரு கலண்டரும் பேரப்பிள்ளைகளின் படங்களும் மட்டும் இருந்தன.

“உன்ரயள் எங்க?”

“என்னட்டை ஏது? அதுகள் பொம்பிளையளின்ர. நாங்கள் செய்யிறது, அவையள் வைச்சிருக்கிறது.”

நாற்பது வருசம் செதுக்கிய மனுசனிடம் சொந்தமாக ஒன்றுகூட இல்லை. அண்ணைக்குத் தன் வீட்டுச் சுவரை நினைக்க வெட்கமாக இருந்ததாம்.

வேரா அடுத்த வீட்டில் இருந்தார். எழுபத்து மூன்று வயது. தரையில் கால் நீட்டி இருந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். துணியைப் பிரித்துப் பொம்மையைக் கையில் எடுத்தார். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு பாதத்தைத் திருப்பினார்.

“காலுக்கு என்ன நடந்தது?”

“நான்தான். நிக்கவேணுமெண்டு ஒட்டினனான்” என்றார் அண்ணை.

வேரா தம்பியைப் பார்த்தார். வில்மர் முகட்டைப் பார்த்தார். பிறகு வேரா மெதுவாகக் கதையைச் சொன்னார்.

ஏழு வயதில் அவருக்கு நெஞ்சில் சயரோகம். ஊரிலிருந்து தூரத்து ஆசுப்பத்திரியில் ஒரு வருசம் விட்டார்கள். வீட்டார் வந்து பார்ப்பது அரிது. மாமன் கொடுத்த, முறைப்படி அவருக்குக் கிடைத்த இந்தப் பொம்மை மட்டும் கட்டில் தலைமாட்டில் தொங்கியது. அங்கே கனடாவிலிருந்து வந்த ஒரு இளம் நேர்ஸ் இருந்தாள். மற்ற நேர்ஸ்மாரோடு ஒட்டமாட்டாள். அவளுடைய பேச்சை அவர்கள் பகிடி பண்ணுவார்கள். பின்னேரங்களில் வேராவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, வேராவுக்கு விளங்காத ஒரு பாசையில் பாட்டுப் பாடுவாள். சுகமாகி வீட்டுக்குப் போகும் நாளில் அந்த நேர்ஸ் வாசலில் நின்று அழுதாள்.

“எனக்கு வீட்டில அம்மா இருந்தா, தங்கச்சிமார் இருந்தவை. அவவுக்கு ஆரும் இல்லை. அதுதான் குடுத்தனான். துலைஞ்சு போச்செண்டு வீட்டில பொய் சொன்னன். இவனுக்கே இண்டைக்குத்தான் தெரியும்.”

வில்மர் தரையில் சிதறிய சோளமணிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

“அவ எப்பிடி இருந்தவ? பிறகு கலியாணம் கட்டினவவோ? பிள்ளையள் இருந்ததோ?” என்று வேரா கேட்டார்.

அந்த இடத்தில் அண்ணை கதையை நிறுத்தி என்னிடம் சொன்னார்: “பொய் சொல்லியிருக்கலாம் தம்பி. சந்தோசமா இருந்தவ, பிள்ளையள் கனபேர் எண்டு சொன்னா அந்த மனுசி ஆறியிருக்கும். ஆனா அவ பாத்த பார்வைக்குப் பொய் வரேல்லை.”

“எனக்குத் தெரியாது அக்கா” என்று அவர் வேராவிடம் சொன்னார். “பன்னிரண்டு வருசம் அந்த மதாம் கரோன்ர வீட்டுக்குக் கீழ இருந்தனான். படியில கண்டா பொன்ஜூர் சொல்லுவன். அவவும் சொல்லுவா. அவ்வளவுதான். ஒருத்தரும் வந்து போனதை நான் காணேல்லை. செத்த பிறகு சாமானெல்லாம் தெருவில கிடந்தது. இதையும் பெட்டியோட போட்டிருந்தவங்கள்.”

வேரா கையிலிருந்த சோளத்தைக் கீழே வைத்தார்.

“பெட்டிக்குள்ள எப்பிடி இருந்தது? சும்மா கிடந்ததோ?”

“இல்லை. இந்தத் துணியிலதான் சுத்தியிருந்தது.”

வேரா துணியைத் தடவிப் பார்த்தார். பழையது, ஆனால் தோய்த்து மடித்து மடித்து மெலிந்துபோன துணி. “அப்ப சரி” என்றார். பொம்மையைத் திரும்பவும் சுற்றி அண்ணையின் கையில் வைத்தார்.

“உங்களிட்டத் தரத்தான் கொண்டுவந்தனான்.”

“நான் குடுத்தது. குடுத்ததைத் திருப்பி வாங்கிறேல்லை. உன்னட்டை வந்திட்டுது, உன்னட்டை இருக்கட்டும்.”

அன்றைக்கு நீலச் சோள மாவில் கடதாசிபோல மெல்லிதாகச் சுட்ட ஒரு அப்பத்தைச் சுருட்டிச் சுருட்டி அண்ணைக்குச் சாப்பிடக் கொடுத்தார்கள். வேரா பக்கத்தில் இருந்து, முடிய முடிய இன்னொன்று வைத்துக்கொண்டே இருந்தாராம்.

மொன்றியலுக்குத் திரும்பிய அன்றே றொஷினிக்குப் போன் எடுத்து இதையெல்லாம் சொல்லத் தொடங்கினார். “அப்பா, நான் ட்ரைவ் பண்ணுறன். பிறகு எடுக்கட்டே?” என்றாள் மகள். இரண்டு நாள் கழித்து எடுத்தாள். அதற்குள் அண்ணைக்குச் சொல்ல வந்த வேகம் போய்விட்டது. “நல்ல இடம் பிள்ளை, நல்ல வெய்யில்” என்று மட்டும் சொன்னார். நல்ல பிள்ளைதான் அவள். அடுத்த வருசம் அவர் ஓய்வு எடுத்ததும், ரொறன்ரோவில் தங்கள் வீட்டுக் கீழ்த்தள பேஸ்மென்ரில் ஒரு அறை ஒதுக்கித் தருவதாகச் சொன்னாள். “பேந்து பாப்பம்” என்றார். இன்னும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு கச்சீனாகூட வாங்கவில்லை. ஏன் என்று கேட்டால், “மனம் வரேல்லை” என்பதோடு சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் போனில் வில்மரிடமிருந்து வேரா பறித்துக் கதைக்கத் தொடங்கினார். பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பிட்டியா, குளிர் கூடவா, கால் நோவு எப்படி. ஐந்து வருசம், கிழமைக்கு ஒருக்கால்.

போன தை மாதம் வேரா இறந்துவிட்டார். வில்மர் போன் எடுத்துச் சொன்னபோது எல்லாம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அண்ணை தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: எங்கள் கோயிலில் அக்காவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாமா, அது உங்கள் முறைக்குப் பிழையா?

வில்மர் சொன்னார்: “உன்ர முறையில நீ செய். அவ கோவிக்கமாட்டா.”

அந்த ஞாயிறு ஃபாதர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். யோண்பிள்ளை, சவிரியம்மா, மனுவேல் என்று வந்து கடைசியாக, “வேரா” என்றார். சனம் திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது, எங்களுக்குத் தெரிந்த ஒரு வயதான அம்மா அண்ணையின் கையைப் பிடித்தார்.

“ஆரப்பு அது, வேரா?”

“அக்கா.”

“கூடப் பிறந்ததோ?”

“இல்லை. ஆனா அக்காதான்.”

“செத்தவீட்டுக்குப் போனீரோ?”

“போகேல்லை அம்மா. தூரம்.”

“அதுதானே. ஊரில எங்கட ஆக்களின்ர எத்தினை செத்தவீட்டுக்குத்தான் நாங்கள் போனனாங்கள்” என்று அவர் கையை விடாமல் சொன்னார். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேரும் வந்து ஒவ்வொருவராக அவருடைய கையைப் பிடித்தார்கள். யாருக்கும் ஆளைத் தெரியாது. முறைக்குப் பிடித்தார்கள். அண்ணை ஒவ்வொருவருக்கும் தலையைக் குனிந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன்.

வெளியே பனி கொட்டியது. பஸ்ஸுக்கு நிற்கவேண்டாம் என்று நான்தான் காரில் ஏற்றினேன். கதையின் பெரும்பகுதியை அண்ணை அன்றைக்குத்தான் சொன்னார். அவருடைய வாசலில் காரை நிறுத்தியும் முடியவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு இருந்து கேட்டேன். முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, “மேல வாறீரோ? தேத்தண்ணி போடுறன்” என்றார்.

எனக்கு சென்ட் லோரன்டில் மூன்று மணிக்கு வேலை. “பேந்து வாறன் அண்ணை” என்றேன்.

“ஓம், ஓம். வேலைக்குப் பிந்தக் கூடாது” என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினார். கைப்பிடியைப் பிடித்து, பனி படிந்த வெளிப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறினார்.

நான் அந்தத் தேத்தண்ணிக்குப் போனது ஒரு மாதத்துக்கும் மேலாகி, தவக்காலம் தொடங்கின பிறகுதான்.